ஓர் இசைத்தட்டும் இரண்டு தீர்ப்புகளும்



சுபாங் ஜெயாவை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. இன்று அது ஒரு மாநகரம். 2020ஆம் ஆண்டில் அந்தத் தகுதியையும் பெற்றுவிட்டது. ஆனால் நம்மில் மூத்தவர்களைக் கேட்டால் அந்த இடத்துக்கு வேறு பெயர் சொல்வார்கள். சீபீல்டு தோட்டம் என்பார்கள். 1970களின் நடுவில் வீடமைப்பு வேலை தொடங்கும்வரை அங்கே பால்மரங்கள் நிரை நிரையாக நின்றன. விடியுமுன் பெரட்டுக்குப் போன கால்கள் நடந்த அந்த மண்ணில் இப்போது கடைவீடுகளும் கல்லூரிகளும் நிற்கின்றன.

அப்படிப்பட்ட கடைவீடு ஒன்றின் மேல்மாடியில், மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு, கித்தாரும் டிரம்மும் வாசித்துப் பழக இளைஞர்களுக்கு அறை விடுகிறார்கள். ஒரு மாலைப் பொழுது அதன் கீழே நாங்கள் நடந்து வந்தோம். எங்களோடு தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால் வெட்டிய ஒரு பாட்டியும் வந்தார். மேலே இருந்து சத்தம் இறங்கி வந்தது. பாட்டி நின்றார். "ஏன்யா, இது பாட்டா? இல்லே யாராச்சும் தகரத்தைத் தட்டுறாங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வியாகத் தோன்றவில்லை. எது பாட்டு, எது வெறும் சத்தம்? அதைத் தீர்மானிப்பவர் யார்? எவ்வளவு கேட்டபின் தீர்மானிக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, இன்று ஓர் இசைத்தட்டின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அது நம் நாட்டு இசைத்தட்டு அல்ல. இங்கிலாந்தில் 1979ஆம் ஆண்டு வெளிவந்தது. பெயர் 'லண்டன் காலிங்'. பாடிய குழுவின் பெயர் 'தி கிளாஷ்', அதாவது மோதல். அந்தக் குழுவைப் பற்றி ஒரு விமர்சகர் முதலில் ஒரு தீர்ப்புச் சொன்னார். மூன்று ஆண்டுகள் கழித்து அவரே அதை மாற்றிச் சொன்னார். அந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் நடந்ததுதான் நம்முடைய கதை.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுவோம். 1976ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு நல்ல ஆண்டு அல்ல. வேலையில்லாதோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு காலத்தில் உலகத்துக்கே கடன் கொடுத்த அந்த அரசாங்கம் அனைத்துலகப் பண நிதியத்திடம் கையேந்தி நின்றது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கவில்லை. அன்றைய பெரிய ராக் இசைக்காரர்களோ மாளிகைகளில் வாழ்ந்தார்கள். அரைமணி நேரம் நீளும் பாட்டுகளைப் பாடினார்கள். வேலையில்லாத பையனுக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அப்போது தோன்றியதுதான் 'பங்க்' எனப்படும் இசை. பங்க் என்ற சொல்லுக்கே காலிப்பயல், உதவாக்கரை என்றுதான் பொருள். மற்றவர்கள் வைத வசவை அந்தப் பிள்ளைகள் தங்களுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். மூன்று சுரக்கூட்டு தெரிந்தால் போதும், ஒரு குழு தொடங்கலாம் என்பது அவர்கள் எண்ணம். பாட்டுகள் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். வேகம் அதிகம். சட்டையைக் கிழித்து ஊசியால் குத்திக்கொண்டார்கள். முடியைக் கம்பி போல நிறுத்திக்கொண்டார்கள். 1976 டிசம்பரில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற குழு தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசியபோது நாடே கொதித்தது. அந்தக் குழுவும் தி கிளாஷும் மற்றவர்களும் சேர்ந்து செய்யவிருந்த சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகளை ஊராட்சி மன்றங்களும் மண்டபக்காரர்களும் ரத்துச் செய்தார்கள். பாட்டைக் கேட்காமலே கதவை மூடியவர்கள்தான் அதிகம்.

தி கிளாஷ் குழுவில் இருந்தவர்கள் யார்? பாடியவர் ஜோ ஸ்ட்ரம்மர். அவர் வெளியுறவுத் துறையில் பணியாற்றிய ஒருவரின் மகன். அந்தத் தந்தை பிறந்த ஊர் இந்தியாவின் லக்னோ என்பது நமக்கு வியப்பான செய்தி. கித்தார் வாசித்தவர் மிக் ஜோன்ஸ். தாய்தந்தை பிரிந்துவிட்டதால் பாட்டியிடம் வளர்ந்தவர். லண்டனில் பெரிய நெடுஞ்சாலை ஒன்றைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடியின் 18ஆவது மாடியில் பாட்டியோடு குடியிருந்தார். லயத்து வீட்டை விட்டு மாடி வீட்டுக்குப் போன நம் குடும்பங்களுக்கு அந்த வாழ்க்கை புரியும். மண் இல்லை, திண்ணை இல்லை, அண்டைவீட்டார் முகம் தெரியாது. பேஸ் கித்தார் வாசித்தவர் பால் சிமனன். ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பிரிக்ஸ்டன் பகுதியில் சிறுவயதைக் கழித்தவர். பின்னர் வந்து சேர்ந்த டிரம் கலைஞர் டாப்பர் ஹெடன்.

இப்போது முதல் தீர்ப்புக்கு வருவோம். இங்கிலாந்தில் அந்நாளில் இசைக்கென்றே வார ஏடுகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்'. அதில் எழுதிய சார்ல்ஸ் ஷார் மரி என்ற விமர்சகர் 1976இல் இவர்களுடைய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தார். கார் நிறுத்தும் கொட்டகையில் வாசித்துப் பழகும் கற்றுக்குட்டிகளை அங்கே 'கராஜ் குழு' என்பது வழக்கம். மரி எழுதியதன் கருத்து இதுதான்: இவர்களைத் திரும்பவும் அந்தக் கார்க் கொட்டகைக்கே அனுப்ப வேண்டும், அதுவும் எஞ்சினை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். மூடிய கொட்டகையில் கார்ப்புகை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். இருபது வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சண்டைக்குப் போகவில்லை. 'கராஜ்லேண்ட்', அதாவது கொட்டகை நாடு, என்று ஒரு பாட்டு எழுதினார்கள். ஆமாம், நாங்கள் கொட்டகையிலிருந்து வந்தவர்கள்தான் என்பதே அதன் செய்தி. 1977இல் வந்த முதல் இசைத்தட்டில் அதைக் கடைசிப் பாட்டாக வைத்தார்கள்.

அந்த முதல் இசைத்தட்டும் எளிதாக ஏற்கப்படவில்லை. அமெரிக்காவில் இவர்களுடைய நிறுவனம் ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கிறது என்று சொல்லி அதை வெளியிட மறுத்தது. 1979இல்தான் சில பாட்டுகளை மாற்றி வெளியிட்டது. இன்னொரு பக்கம் வேறு வகைக் குற்றச்சாட்டு எழுந்தது. 1977 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்தோடு ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்தார்கள் அல்லவா? அன்றைக்கே பங்க் இசை செத்துப்போனது என்று, பங்க் ரசிகர்களே நடத்திய சிற்றேடு ஒன்றின் ஆசிரியர் சொன்னார். பாருங்கள் நேயர்களே, ஒரு சாரார் இவர்கள் கரடுமுரடு என்றார்கள். மறு சாரார் இவர்கள் விலைபோய்விட்டார்கள் என்றார்கள். தோட்டத்துப் பையன் படித்து நல்ல சட்டை போட்டால் 'பெரிய துரை ஆகிவிட்டான்' என்பதும், போடாவிட்டால் 'உருப்படமாட்டான்' என்பதும் நம்மிடமும் உண்டு.

1979ஆம் ஆண்டு வந்தது. குழுவினர் தங்கள் மேலாளரைப் பிரிந்திருந்தார்கள். கையில் காசு இல்லை. புதுப் பாட்டும் இல்லை. லண்டன் பிம்லிக்கோ பகுதியில் ஓர் ஒத்திகை அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அது இருந்த இடம் எது தெரியுமா? ஒரு கார்ப் பட்டறையின் பின்புறம். விமர்சகர் சொன்னபடியே கொட்டகைக்குத் திரும்பிப் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே பல வாரங்கள், வேலைக்குப் போவதுபோல நாள் தவறாமல் போனார்கள். இடையில் எதிரே இருந்த விளையாட்டுத் திடலில் பந்து உதைத்தார்கள். மறுபடி வந்து வாசித்தார்கள். பழைய அமெரிக்கப் பாட்டு, ஜமைக்கா நாட்டு ரெகே, ஜாஸ் என்று எல்லாவற்றையும் வாசித்துப் பழகினார்கள். மூன்று சுரக்கூட்டுப் போதும் என்று தொடங்கியவர்கள், போதாது என்று தாங்களே கண்டுகொண்டு கற்றார்கள். இந்த உழைப்பை நாம் கவனிக்க வேண்டும். விமர்சகர் மனம் மாறியதற்கு இதுவே காரணம்.

பின்னர் லண்டன் ஹைபரி பகுதியில், முன்பு தேவாலயத்துக்குச் சொந்தமாயிருந்த கூடம் ஒன்றில் அமைந்த வெஸ்ஸெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். ஒலிப்பதிவை மேற்பார்த்தவர் கை ஸ்டீவன்ஸ். குடிப்பழக்கத்தால் வாழ்வைக் கெடுத்துக்கொண்டவர் என்பதால் நிறுவனத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. குழுவினர்தான் அவர் வேண்டும் என்றார்கள். பாடுகிறவர்களுக்கு உற்சாகம் ஏற்ற அவர் நாற்காலியைத் தூக்கி எறிவாராம், ஏணியைச் சுழற்றுவாராம். முதலில் பதிவான பாட்டு முடிந்ததும், வாசிக்க வாசிக்க வேகம் கூடிவிட்டது, திரும்ப வாசிக்கலாம் என்று டிரம் கலைஞர் சொன்னார். ராக் இசை என்றாலே வேகம் கூடத்தான் செய்யும், இதுவே இருக்கட்டும் என்று ஸ்டீவன்ஸ் சொல்லிவிட்டார். அப்படி ஒரே முறை வாசித்ததுதான் தட்டில் இருக்கிறது. 1981இல் அந்த மனிதர் இறந்துபோனார்.

அந்த இசைத்தட்டில் மொத்தம் 19 பாட்டுகள். 'லண்டன் காலிங்' என்ற தலைப்பே வானொலியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி. வானொலி மற்ற நாடுகளுக்குச் செய்தி சொல்லும்முன், லண்டன் அழைக்கிறது என்று அறிவிக்கும். போர்க்காலத்தில் ஒளித்து வைத்து வானொலி கேட்டவர்கள் நம் நாட்டிலும் உண்டு. அந்த அறிவிப்பை எடுத்து இவர்கள் வேறு செய்தி சொன்னார்கள். ஆற்று வெள்ளம் வரும், அணு உலை வெடிக்கும் என்ற அச்சத்தைப் பாடினார்கள். அதே 1979 மார்ச்சில்தான் அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது.

இன்னொரு பாட்டு, பேரங்காடியில் தொலைந்து போனவனைப் பற்றியது. மிக் ஜோன்ஸ் பாட்டியோடு வளர்ந்ததை நினைத்து ஸ்ட்ரம்மர் எழுதி, ஜோன்ஸ் பாடினார். நண்பனுடைய குழந்தைப்பருவத்தைத் தன் மனத்தில் வாங்கி எழுதுவது சின்னக் காரியம் அல்ல. வேறொரு பாட்டு, தொழிற்சாலை வேலைக்குப் போகும் இளைஞன் நாளடைவில் அடங்கி, பிறகு மற்றவரை அடக்குகிறவனாக மாறுவதைச் சொல்கிறது. அடிமட்டத்திலிருந்து மண்டோராகப் போனவர், தன்னோடு பால் வெட்டியவர்களிடமே கடுமை காட்டியதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரை வேண்டியதில்லை.

பிரிக்ஸ்டன் பகுதியைப் பற்றிய பாட்டைப் பால் சிமனன் எழுதினார். அவர் எழுதிய முதல் பாட்டு அது. பாட்டு எழுதுகிறவருக்குத்தான் உரிமைத்தொகை வருகிறது, சுவரொட்டியும் உடையும் வடிவமைத்த எனக்கு ஒன்றும் வரவில்லை என்று கண்டுகொண்டதால் எழுதத் தொடங்கினாராம். உழைப்புக்குக் கூலி கேட்பதில் வெட்கம் என்ன? போலீஸ் கெடுபிடியைப் பற்றிய அந்தப் பாட்டு வந்து ஒன்றரை ஆண்டு ஆகும் முன்பே, 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் தெருக்களில் பெரும் கலவரம் மூண்டது. விமர்சகர்களும் செய்தியாளர்களும் காணாத ஒன்றை அங்கே வளர்ந்தவர் கண்டிருக்கிறார்.

இந்த இடத்தில், தோட்டத்து மக்களாகிய நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ரெகே இசை எங்கிருந்து வந்தது? ஜமைக்காவிலிருந்து. ஜமைக்கா என்பது என்ன? கரும்புத் தோட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வியர்வையில் எழுந்த தீவு அது. அடிமைமுறை ஒழிந்தபின், 1845 முதல் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை அங்கே கப்பலேற்றினார்கள். நம் முன்னோர் இந்த மலாயாக் கரைக்கு வந்த அதே வகைக் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948 முதல், ஜமைக்கா மக்கள் பலர் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போனார்கள். தங்கள் பாட்டையும் எடுத்துப் போனார்கள். 1977இல் பங்க் இளைஞர்கள் கூடிய லண்டன் இரவு விடுதி ஒன்றில், போடுவதற்குப் போதுமான பங்க் இசைத்தட்டுகள் இன்னும் வரவில்லை. தட்டுப் போடும் வேலையில் இருந்த டான் லெட்ஸ் என்ற ஜமைக்கா வம்சத்து இளைஞர் தம்மிடம் இருந்த ரெகே தட்டுகளைப் போட்டார். அந்த இசை வெள்ளைக்காரப் பிள்ளைகளின் காதில் ஏறியது. தி கிளாஷின் இசையில் அது கலந்தது. கரும்புக் காட்டில் பிறந்த தாளம் லண்டனின் அடுக்குமாடிவரை போய்ச் சேர்ந்தது.

அவர்கள் இசையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. குடியேறிகளை வெளியேற்ற வேண்டும் என்று ஒரு கட்சி அப்போது ஊர்வலம் நடத்திக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து 1978 ஏப்ரல் 30ஆம் தேதி லண்டன் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். அந்த மேடையில் தி கிளாஷும் வாசித்தது.

இனி விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ரசிகர்களில் பெரும்பாலோர் காசில்லாத பிள்ளைகள். அதனால் தட்டோடு ஒரு சிறு தட்டை இலவசமாகத் தரவேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டார்கள். நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த இலவசத் தட்டில் ஒன்பது பாட்டுகளை அடைத்துவிட்டார்கள்! ஆக, இரண்டு முழுத் தட்டுகள், ஒரு தட்டின் விலைக்கு, ஏறத்தாழ ஐந்து பவுனுக்குக் கிடைத்தன. கடைசி நேரத்தில் சேர்த்த ஒரு பாட்டின் பெயரை அட்டையில் அச்சிட நேரம் இல்லாமல் போயிற்று. பெயர் இல்லாத அந்தப் பாட்டுத்தான் அமெரிக்காவில் நன்றாக ஓடியது.

அட்டைப் படத்துக்கும் ஒரு கதை உண்டு. 1979 செப்டம்பரில் நியூயார்க் மேடையில் சிமனன் தம் பேஸ் கித்தாரைத் தரையில் ஓங்கி அடித்தார். பென்னி ஸ்மித் என்ற பெண்மணி அதைப் படம் பிடித்தார். படம் தெளிவாக விழவில்லை, அட்டைக்கு வேண்டாம் என்று படமெடுத்தவரே சொன்னார். ஸ்ட்ரம்மரும் அட்டையை அமைத்த ஓவியர் ரே லவ்ரியும் விடவில்லை. ராக் இசையின் மிகச் சிறந்த புகைப்படம் என்று 2002இல் ஓர் இசை ஏடு அதைத்தான் தேர்ந்தெடுத்தது. தான் செய்ததன் மதிப்பு செய்தவருக்கே சில வேளை தெரிவதில்லை.

1979 டிசம்பர் 14ஆம் தேதி இசைத்தட்டு வெளிவந்தது. விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? கொட்டகைக்கு அனுப்பச் சொன்ன அதே சார்ல்ஸ் ஷார் மரி, அதே ஏட்டில் எழுதினார். இந்தக் குழுவைப் பற்றி இதுவரை பேசப்பட்ட பெரும் பேச்சுக்கெல்லாம் தகுதியான முதல் இசைத்தட்டு இதுதான் என்றார். 'மெலடி மேக்கர்' ஏட்டில் ஜேம்ஸ் ட்ரூமன், அமெரிக்க இசை வகைகளைத் தழுவிக்கொண்டதன் வழியாக இவர்கள் தங்களையே கண்டுகொண்டார்கள் என்றார். எல்லோரும் புகழவில்லை. 'சவுண்ட்ஸ்' ஏட்டில் கேரி புஷல் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தார். பழைய ராக் இசையின் தேய்ந்துபோன வழக்கங்களுக்கே திரும்பிப் பின்னேறிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. பழையதைத் தூக்கி எறிய வந்தவர்கள் பழையதையே எடுத்துப் பாடினால் கேள்வி எழத்தானே செய்யும்? ஆனால் ஒருவர் அதே செய்கையைத் தேய்வு என்கிறார், மற்றவர் வளர்ச்சி என்கிறார். இரண்டையும் படித்துவிட்டு, தட்டையும் கேட்டுவிட்டு, வாசகர் தாமே முடிவு செய்ய வேண்டும். நல்ல விமர்சனத்தின் பயன் அதுதான்.

இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் அது 9ஆம் இடத்தையும், அமெரிக்காவில் 27ஆம் இடத்தையும் எட்டியது. அமெரிக்க விமர்சகர்களின் வாக்கெடுப்பில் 1980ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தட்டாக அது முதலிடம் பெற்றது. 1989இல் 'ரோலிங் ஸ்டோன்' ஏடு 1980களின் மிகச் சிறந்த இசைத்தட்டு என்று அதைத் தேர்ந்தெடுத்தது. 1979இல் வந்த தட்டுக்கு 80களின் பரிசா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் அது 1980 ஜனவரியில்தான் வெளிவந்தது, அதுதான் கணக்கு.

இவ்வளவு புகழ்ந்ததால் எல்லாம் நன்மை என்று நாங்கள் சொல்லவில்லை. டிரம் கலைஞர் டாப்பர் ஹெடன் ஹெராயின் போதைக்கு அடிமையானார். 1982இல் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். அவர் போனபின் குழு பழையபடி நிற்கவில்லை. சில ஆண்டுகளில் கலைந்தது. ஜோ ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரில் தமது 50ஆவது வயதில் காலமானார். பிள்ளை கித்தார் எடுத்தால் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவன் யாரோடு பழகுகிறான், கையில் வேறு என்ன எடுக்கிறான் என்று பார்க்கத்தான் வேண்டும். கித்தாரும் போதையும் ஒன்றல்ல என்பதை நாம் பிரித்து அறிய வேண்டும்.

அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு குழு வளர்ந்து வந்தது. பினாங்கில் 1960களின் இறுதியில் தொடங்கிய 'அலிகேட்ஸ்' குழுவைச் சொல்கிறோம். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் அதன் முன்னணிப் பாடகர்கள். தொடக்கத்தில் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'பிரஸ்ட்ரேட்டட்', அதாவது விரக்தியடைந்தவர்கள். ஹாங்காங் வரை போய் மேடைகளில் பாடிப் பழகினார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து மலாய்ப் பாடல்களில் அவர்கள் குரல் நாடெங்கும் ஒலித்தது. அவர்கள் பாடியது பங்க் அல்ல, இனிமையான மெல்லிசை. ஆனாலும் சுருட்டைமுடியைப் பந்துபோல வளர்த்த இரண்டு தமிழ் இளைஞர்கள், தலைநகரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி மலாய் மொழியில் பாட, மூவின மக்களும் கூடப் பாடினார்கள் அல்லவா? லோகநாதன் 2007இல் மறைந்தபோது நாடே வருந்தியது. அந்தச் சகோதரர்கள் இளமையில் விரக்தியோடு நின்றுவிட்டிருந்தால் நமக்கு அந்தக் குரல் கிடைத்திருக்காது.

தோற்றத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நம் நாட்டுக்கும் புதியதல்ல. 1992இல் நீண்ட முடி வைத்த ராக் பாடகர்கள் அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்று தடை வந்தது. 'சேர்ச்', 'விங்ஸ்' என்ற புகழ்பெற்ற மலாய்க் குழுக்களின் பாடகர்கள் மக்கள் பார்க்க முடியை வெட்டிக்கொண்டார்கள். வெட்டிய பிறகும் பாட்டு அதே பாட்டாகத்தான் இருந்தது.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு எங்களை மறைத்துக்கொள்வது முறையாகாது. நாங்கள் இருந்த தோட்டத்தில் ஒரு பையன் இருந்தான். மண்ணெண்ணெய்த் தகரம், பலகைத்துண்டு, சைக்கிள் பிரேக் கம்பி, இவற்றைக் கொண்டு தானே ஒரு கித்தார் செய்தான். மாலையில் லயத்தின் பின்னால் உட்கார்ந்து மீட்டுவான். எங்களுக்கு அது இரைச்சல். "படிக்கிற பிள்ளைகளைக் கெடுக்கிறான்" என்று அவன் தந்தையிடம் போய்ச் சொன்னோம். அவர் மறுநாள் பால் வெட்டிவிட்டு வந்த களைப்போடு அதை மிதித்து உடைத்தார். நல்லது செய்தீர்கள் என்று நாங்கள் சொன்னோம். அவன் அழவில்லை. கம்பியை மட்டும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். இன்று லோரி ஓட்டுகிறான். உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். ஒரு முறை அவனோடு கிள்ளான்வரை போனோம். சாலை நெரிசலில் லோரி நின்றபோதெல்லாம் அவன் விரல்கள் ஸ்டீயரிங் மேல் தாளம் போட்டன. கணக்குத் தவறாத தாளம். நாங்கள் பேச்சை மாற்றிவிட்டோம்.

லண்டன் விமர்சகர் தவறான தீர்ப்பு எழுதினார். ஆனால் அந்தப் பிள்ளைகள் தொடர்ந்து வாசித்ததால் அவருக்குத் திருத்தி எழுத வாய்ப்புக் கிடைத்தது. நாங்கள் தீர்ப்போடு நிற்காமல் கித்தாரையும் உடைக்க வைத்துவிட்டோம். திருத்தி எழுத எங்களுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

ஆகவே நேயர்களே, நாங்கள் கேட்டுக்கொள்வது மூன்றே மூன்று. முதலாவது, தீர்ப்புச் சொல்லுமுன் பாட்டை முழுவதும் கேளுங்கள். முடியையும் சட்டையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, அந்தப் பாட்டு யாரைப் பற்றி, என்ன சொல்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். பெண்களை இழிவாகப் பேசினால், குண்டர் கும்பலையும் குடியையும் பெருமையாகப் பேசினால், அது தவறு என்று தயங்காமல் சொல்லுங்கள். அடுக்குமாடியின் தனிமையையோ, வேலையில்லாத வேதனையையோ பேசினால், அது உங்கள் பிள்ளை உங்களிடம் நேரில் சொல்லாத செய்தியாக இருக்கலாம். மூன்றாவது, மறுபடி ஒரு முறை கேளுங்கள். முதலில் சொன்னது தவறு என்று தோன்றினால் அதையும் அவனிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் தவறை ஒப்புக்கொண்டால் மரியாதை குறையாது.

உறுமி மேளம் அடிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் போன பிறகும், நாம் மாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், உறுமியும் தப்பும் நம்மோடு வந்திருக்கின்றன. திருவிழாவில் அடிக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ரவுடிக் கூட்டம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குபவர்கள் நம்மிலேயே உண்டு. தவறு செய்பவனைத் தவறுக்காகக் கண்டிப்போம். தாளத்தைக் குற்றம் சொல்லாதிருப்போம்.

தொடக்கத்தில் சொன்ன பாட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். நாங்கள் சிரித்து முடித்த பிறகும் அவர் அந்தக் கடைவீட்டின் கீழேயே நின்றிருந்தார். இரண்டாவது பாட்டும் முடிந்தது. பிறகு, "பாட்டுத்தான்யா. ரொம்பக் கோவமா பாடுறான். என்ன கஷ்டமோ, யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிவிட்டு நடந்தார்.